பல் பார்த்து வாங்குதல்

இராசிபுரத்தை அடுத்த வெண்ணந்தூர், தறியும் ஏரும் ஒருங்கே இயங்கும் ஊர். இவ்வட்டாரத்து உழவர் மாடு வாங்கப் புதன்சந்தைக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். கொம்பில் எண்ணெய் மின்ன, கழுத்தில் மணி ஒலிக்க நிற்கும் காளையின் எழிலைக் கண்டு அவர்கள் மயங்கிவிடுவதில்லை. அதன் கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பர். மாட்டிற்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. கீழ்வாயில் எட்டு உண்டு. பாற்பற்கள் இரண்டிரண்டாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். நிலைப்பல் இரண்டாயின் ஏறத்தாழ 2 வயது என்றும், எட்டும் நிறைந்தால் 5 வயதை நெருங்கியது என்றும் கொள்வர். பின்னர் நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பர். சுழி பார்ப்பாரும் உளர். அதன் உண்மை எவ்வாறாயினும் ஆகுக, பல் பொய் சொல்வதில்லை.

இக்காலத்தில் சிற்றூர்களிலும் வீட்டு வாயிலில் கார் நிற்கக் காண்கிறோம். புதிய கார் வாங்கப் பொருள் போதாதோர், பிறர் ஓட்டிய காரை வாங்குகின்றனர். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆயின், மாட்டைப் பல் பார்த்து வாங்கிய குடும்பத்தினரே காரை வண்ணம் பார்த்து வாங்கிவிடுகின்றனர். மெருகு ஏற்றுதல் எளிது. மெருகு எட்டாத இடங்களே காரின் பற்கள்.

அவற்றைக் காண விரும்புவோர் பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுதல் வேண்டும். முன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துக்கொள்ளும். புறப்படும்போது நீலப்புகை தோன்றினால் உள்ளே எண்ணெய் எரிகிறது. வெண்புகை நில்லாது வந்துகொண்டேயிருந்தால் குளிர்விக்கும் நீர் உட்புகுந்திருக்கலாம். கதவின் ஓரங்களில் வண்ணம் வேறுபட்டிருப்பின் அங்கே மறுபூச்சு நிகழ்ந்துள்ளது. ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணைத் திருத்திவிட இயலும். ஆனால் தேய்ந்து வழவழத்த பிரேக் மிதியை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கம் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும்; 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

இவற்றினும் கொடியது நீரில் மூழ்கிய கார். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் அத்துன்பத்தை மீண்டும் கொணர்ந்தது. எண்ணற்ற கார்கள் நீருள் நின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பெனக் கருதி ஏலத்தில் விட்டவற்றுள் சில, பழுது நீக்கப்பெற்று மறுபடியும் விலைக்கு வந்தன. அத்தகைய கார் சில திங்கள் நன்றாகவே ஓடும். உள்ளே மின்கம்பிகளின் இணைப்புகள் மெல்ல மெல்ல அரிக்கப்படும். பின்னர் ஒருநாள், நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு விரைந்து செல்லும்போது எஞ்சின் நின்றுவிடலாம். மோதிய நொடியில் விரிய வேண்டிய காற்றுப்பை விரியாதொழியலாம். ஆகவே, இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்துப் பார்த்தல் நன்று. சுருளின் அடியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். அதுவரை சென்று துடைப்பவர் அரியர். விரிப்பின் கீழே ஈரவாடையும், இருக்கையின் அடித் திருகாணிகளில் துருவும் அதே கதையைச் சொல்லும்.

எல்லாவற்றையும் எல்லாரும் அறிய இயலாது. விற்பனையில் பங்கோ தரகோ இல்லாத மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்துக் காட்டுதல் வேண்டும். அவர் காரை உயரத் தூக்கி, அடிச்சட்டத்தில் பற்றவைத்த தழும்பு உண்டா என்று நோக்குவார். ஓட்டிப் பார்த்து, நேர்சாலையில் ஒருபுறம் இழுக்கிறதா என்று அறிவார். அக்கூலி காரின் விலையில் சிறு துளியே. பட்டறைக்குக் கொண்டுவர இசையாத விற்பனையாளரை விட்டு அகலுதலே தக்கது. சந்தையிலும் வாயைத் திறந்துகாட்ட மறுக்கப்படும் மாட்டின் அருகே எவரும் நிற்பதில்லை.

எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் உள்ள எண்கள் பதிவுச் சான்றோடு ஒத்திருத்தல் வேண்டும். கடன் நிலுவை இருப்பின் அதுவும் அச்சான்றில் காணப்படும். பெயர் மாற்றம் விற்றவருக்கும் உரிய கவலையே. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் எனவும், விபத்து நேரின் இழப்பீட்டிற்குப் பொறுப்பு அவரையே சாரும் எனவும் உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.