முட்டிக்குத் தைலமா... சைக்கிளுக்கு ஸ்பேனரா?

"சார், ரெண்டு மாசமா தைலம் தேய்க்கிறேன். வலி குறையுது. ஆனா ஞாயித்துக்கிழமை சைக்கிள் எடுத்தா, திங்கக்கிழமை திரும்ப வந்துடுது!"

வேப்பம்பட்டில் என்னிடம் வைத்தியத்துக்கு வந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் இப்படிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நாடி பார்த்தேன், முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தேன், வாதகேசரித் தைலமும் நொச்சி இலை ஒத்தடமும் சொன்னேன். ஆனால், எந்த சைக்கிள், எப்படி மிதிக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

சர்க்கரை நோய்க்காக சைக்கிளுக்கு வந்தவர் அவர். "விட்டுடட்டுமா சார்?" என்று கேட்டார். விட்டால் சர்க்கரை ஏறும். இப்படியே ஓட்டினால் முட்டி தேயும். "அவசரப்படாதீங்க தம்பி. அடுத்த தடவை சைக்கிளோட வாங்க" என்றேன்.

நோய் முட்டியிலா, கியரிலா?

நம்ம பக்கத்துக்கு சைக்கிள் புதுசில்லை. அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியாச்சு. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஓட்டி வளர்ந்தவர்கள்தானே நாம்! அந்த சைக்கிள்களில் பெடல் பக்கம் ஒரே ஒரு செயின் வீல். இப்போது வரும் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்.

நண்பர் வாங்கியிருந்தது பழைய பந்தய சைக்கிள். அதன் பெரிய செயின் வீலில் 53 பல், சின்னதில் 39. பயிற்சி எடுத்த இளம் கால்களுக்கான கணக்கு அது. 'காம்பாக்ட் கிராங்க்' என்பதில் 50, 34 பற்கள்.

ஐந்து பல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? பின்சக்கரத்தில் 25 பல்லில் செயின் ஓடுகிறது என்று வையுங்கள். 39-ல் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி சுமார் 3.3 மீட்டர் போகும். 34-ல் சுமார் 2.9 மீட்டர். அதே மேட்டில் மிதிக்கும் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது!

பாரமான கியரை மெதுவாக அழுத்தி மிதிக்கும்போது, தொடைத் தசை முட்டிச் சில்லைத் தொடை எலும்போடு சேர்த்து இறுக்குகிறது. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்று முக்கி மிதிக்காமல், எண்பது, தொண்ணூறு என்று லேசாகச் சுழற்றினால் அந்த இறுக்கம் குறையும். சமதரையில் இது எளிது. திருத்தணி மலைப்பாதையிலும் எதிர்க்காற்றிலும்தான் சின்ன செயின் வீலின் அருமை தெரியும்.

மாற்றும்போது...

பழைய ஐந்து கை பந்தய கிராங்க்கில் போல்ட்டுகள் 130 மி.மீ. வட்டத்தில் இருக்கும். அதில் 38 பல்லுக்குக் கீழே மாட்ட முடியாது. காம்பாக்ட்டில் அந்த வட்டம் 110 மி.மீ. ஆகவே செயின் வீலை மட்டும் மாற்றினால் போதாது; கிராங்க்கையே மாற்ற வேண்டும். அச்சும் பேரிங்கும் புது கிராங்க்குக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதையும் மறக்காதீங்க.

நண்பர் கிராங்க்கை மாற்றிவிட்டார். வலி குறைந்தது. ஆனால் சி.டி.எச். ரோட்டில் ஒரு காலை நேரம், கியர் மாற்றியதும் செயின் உள்பக்கம் கழன்று விழுந்து, பெடல் சும்மா சுற்றியது. பின்னால் லாரி! ஓரத்தில் சாய்ந்து தப்பித்தார். காரணம், கடையில் கிராங்க்கை மாற்றியவர்கள், செயினைத் தள்ளும் கூண்டான 'டெரைலரை'த் தொடவே இல்லை.

நீங்களே சரிபார்க்கலாம்

1. உயரம்: 53 பல் 50 ஆனால், செயின் வீலின் விளிம்பு சுமார் 6 மி.மீ. கீழே இறங்கிவிடும். டெரைலரையும் அவ்வளவு இறக்க வேண்டும். வெளித்தகட்டுக்கும் பெரிய வீலின் பல்லுக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி போதும். ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் சரி.

2. கோணம்: மேலிருந்து பாருங்கள். வெளித்தகடு செயின் வீலுக்கு இணையாக இருக்கணும்.

3. 'எல்' திருகு: கேபிளைத் தளர்த்தி, செயினை முன்னால் சின்ன வீலிலும் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் வையுங்கள். உள்தகடு செயினில் உரசக் கூடாது, அரை மி.மீ.க்கு மேல் விலகவும் கூடாது. செயின் உள்ளே விழாமல் காப்பது இதுதான்.

4. கேபிள், 'ஹெச்' திருகு: கேபிளை இழுத்து இறுக்கியபின், முன்னால் பெரிய வீல், பின்னால் மிகச் சின்னது. இப்போது வெளித்தகட்டுக்கு அதே அளவு.

கடைசியில் சைக்கிளை ஸ்டாண்டில் வைத்து, கையால் சுற்றி இருபது தடவை கியர் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவை விழுந்தாலும் ரோட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

முட்டிக்கு ஒரு வார்த்தை

சீட் தாழ்ந்திருந்தாலும் முன்முட்டி வலிக்கும். பெடல் கீழே போகும்போது கால் கொஞ்சமாக மடங்கியிருக்கும் அளவு உயர்த்துங்கள். கியரும் சீட்டும் சரியாக இருந்தும், முட்டி வீங்கினால், சுட்டால், பூட்டுப் போட்ட மாதிரி சிக்கினால், இரவில் வலித்தால் தள்ளிப் போடாமல் வைத்தியரைப் பாருங்கள். அது சைக்கிள் கடை வேலை இல்லை.

நண்பர் இப்போது ஞாயிறுதோறும் பூண்டி ஏரிவரை போய் வருகிறார். தைல பாட்டில் பாதியோடு அலமாரியில் இருக்கிறதாம்! நானும் ஒன்று கற்றுக்கொண்டேன்... முட்டி வலி என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, "என்ன வண்டி ஓட்டுறீங்க?"