எக்டோபிளாசம்: பெயரும் பொருளும்

ஆவி என்னும் சொல்லுக்குத் தமிழில் பல பொருள்கள் உண்டு. கொதிக்கும் நீரிலிருந்து எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி, இறந்தோர் உலவும் உரு என மக்கள் நம்புவதும் ஆவியே. இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு, கையால் பற்ற இயலாமை ஆகும். இலத்தீன் மொழியின் 'ஸ்பிரிட்டுஸ்' என்னும் சொல்லும் முதலில் மூச்சையே குறித்தது. இத்தகைய ஆவி உலகிலிருந்து தொடத்தக்க, நிறுக்கத்தக்க, நிழற்படம் எடுக்கத்தக்க ஒரு பொருள் வெளிப்படுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்பினர். அதன் பெயர் எக்டோபிளாசம். அப்பெயர் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு பலரை நம்ப வைத்தது, எவ்வாறு சோதனையில் தோற்றது என்பவற்றை நாம் இங்குக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

ஆவியுலகக் கொள்கை எனப்படும் இயக்கம் 1848ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஹைட்ஸ்வில் என்னும் சிற்றூரில் தொடங்கியது. ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர், தட்டும் ஒலிகளின் வழியாக இறந்தோர் தம்முடன் பேசுவதாகக் கூறினர். கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கியே அவ்வொலிகளை எழுப்பியதாக அவருள் ஒருவரான மார்கரெட் 1888ஆம் ஆண்டில் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதற்குள் இயக்கம் கடல் கடந்து பரவிவிட்டது. ஒலியோடு நிறைவுறாத மக்கள் உருவத்தையும் காண விரும்பினர். இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையே நிற்பவர் எனக் கருதப்பட்ட 'மீடியம்' என்போரின் வாய், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து வெண்மையான பொருள் ஒன்று வெளிப்பட்டு, கையாகவும் முகமாகவும் உருக்கொள்வதாகச் செய்திகள் வந்தன.

அப்பொருளுக்கு 1890களில் எக்டோபிளாசம் எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ரிஷே. ஒவ்வாமை அதிர்ச்சி பற்றிய ஆய்வுக்காக 1913ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர் இவரே. 'எக்டோஸ்' என்பது கிரேக்கத்தில் புறம் என்றும், 'பிளாஸ்மா' என்பது வார்க்கப்பட்ட உரு என்றும் பொருள்படும். இரண்டையும் இணைத்துப் 'புறவுரு' எனத் தமிழில் கூறலாம்.

இதே சொல் உயிரியலிலும் வழங்குகிறது. அமீபாவின் உடலில் வெளிப்புறமாக அமைந்த தெளிந்த படலத்தை அது குறிக்கும். அதனை நுண்ணோக்கியின் வழியாக எந்த மாணவரும் காணலாம். ஆய்வுக்கூடத்தில் பொருளுடைய ஒரு சொல், இருட்டறைக்குள் பொருளின்றி நுழைந்தது என்பதே இவ்வரலாற்றின் தொடக்கம்.

இருட்டறையின் விதிகள்

ஆவி அழைக்கும் அமர்வுகளுக்குத் திட்டமான விதிகள் இருந்தன. அறையின் மூலையைத் திரையிட்டு மறைத்து, அதற்குள் மீடியம் அமர்வார். வெளிச்சம் பட்டால் எக்டோபிளாசம் கரைந்துவிடும் என்பதால் மங்கலான சிவப்பு விளக்கே அனுமதிக்கப்பட்டது. இசைவின்றித் தொட்டால் அது விரைந்து உடலுக்குள் திரும்பி, மீடியத்தின் உயிருக்கே ஊறு செய்யும் என்றும் எச்சரித்தனர்.

இவ்விரு விதிகளும் என்ன செய்தன என்பதை நாம் நோக்க வேண்டும். ஒன்று கண்ணைக் கட்டியது. மற்றொன்று கையைக் கட்டியது. ஐயுற்றவர் சோதிக்க முற்பட்டால், அவர் ஓர் உயிருக்கு ஊறு விளைவிப்பவர் ஆகிவிடுவார். ஒரு கூற்றைச் சோதிப்பதற்கான வழிகள் அனைத்தையும் அக்கூற்றே அடைத்துவிடுமாயின், அவ்விடத்தில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

துயரமும் நம்பிக்கையும்

நம்பியவர்கள் அனைவரும் அறிவிலிகள் என்று எண்ணுவது பிழை. முதல் உலகப்போரில் பிரித்தானியா ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. பலருடைய உடல் வீடு திரும்பவே இல்லை. இயற்பியல் அறிஞர் ஆலிவர் லாட்ஜ் 1915ஆம் ஆண்டில் தம் மகன் ரேமண்டைப் போரில் இழந்தார். மகனோடு தொடர்பு கொண்டதாக நம்பி அடுத்த ஆண்டிலேயே ஒரு நூலும் வெளியிட்டார். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், ஆவியுலகக் கொள்கையை முன்னரே ஏற்றிருந்தார். 1918ஆம் ஆண்டில் மகன் கிங்ஸ்லியை இழந்தபின் ஊர்தோறும் அதனைப் பரப்பினார். அடக்கம் செய்ய உடலும் கிடைக்காத பெற்றோருக்கு, தொடக்கூடிய ஓர் உரு என்பது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்! அவ்வேக்கமே மோசடிக்கு வாயிலாயிற்று.

ஒளி காட்டிய உண்மை

ஈவா சி. என அறியப்பட்ட பிரெஞ்சு மீடியத்தை மியூனிக் மருத்துவர் ஷ்ரெங்க்-நோட்சிங் பல ஆண்டுகள் ஆராய்ந்து, படங்கள் நிறைந்த பெருநூலை வெளியிட்டார். சான்றாக எடுத்த படங்களே எதிர்ச்சான்றாயின. ஆவிகளின் முகங்கள் என்று காட்டப்பட்டவை 'லெ மிருவார்' என்னும் இதழில் வந்த படங்களை ஒத்திருந்தன. அமெரிக்க அதிபர் வில்சனின் முகமும் அவற்றுள் ஒன்று. அவர் அப்போது உயிரோடு இருந்தார்! ஒரு படத்தில் அவ்விதழின் பெயரெழுத்துகளே தெரிந்தன.

பெல்ஃபாஸ்ட் நகரில் கேத்லீன் கோலிகர் என்னும் மீடியத்தை கிராஃபோர்டு என்னும் பொறியாளர் எடைப்பொறியில் அமர்த்தி ஆராய்ந்தார். அவர் மறைந்தபின் அதே ஆய்வை 1921ஆம் ஆண்டில் தொடர்ந்த ஃபூர்னியே தல்ப், தாம் கண்டது மெல்லிய மஸ்லின் துணியே என அறிவித்தார். பாஸ்டன் நகரின் 'மார்ஜரி' காட்டிய ஆவிக்கையின் படங்களை நோக்கிய உயிரியல் அறிஞர்கள், அது விலங்கின் நுரையீரல், மூச்சுக்குழல் ஆகியவற்றை ஒத்திருப்பதாகக் கூறினர்.

ஹெலன் டங்கன் வழக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெலன் டங்கனை 1931ஆம் ஆண்டில் இலண்டனில் ஹாரி பிரைஸ் என்னும் ஆய்வாளர் சோதித்தார். மின்னொளியில் எடுத்த படங்களில் துணியின் ஊடும் பாவும், மடிப்புத் தடங்களும், கிழிசல்களும் தெளிவாகத் தெரிந்தன. பாலாடைக்கட்டி வடிக்கப் பயன்படும் சல்லாத்துணியை முன்னரே விழுங்கி வைத்து, பின்னர் வாய்வழியே வெளிக்கொணர்ந்தார் என்பது பிரைஸின் முடிவு. ஊடுகதிர்ப் படம் எடுக்க முனைந்தபோது அவர் தெருவுக்கு ஓடிவிட்டார். எடின்பரோவில் ஒருவர் 'ஆவிக் குழந்தை'யைப் பற்றி இழுத்தபோது, கையில் அகப்பட்டது பின்னலாடை உள்ளாடை ஒன்றே. 1933ஆம் ஆண்டில் அவருக்குப் பத்துப் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

1941ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் 'பார்ஹம்' என்னும் போர்க்கப்பல் மத்தியதரைக் கடலில் மூழ்கி, 860க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு அச்செய்தியைப் பொதுமக்களிடம் மறைத்தது. அறிவிப்பு வெளிவருமுன்னரே அக்கப்பலின் மாலுமி ஒருவரின் ஆவி டங்கனின் அமர்வில் தோன்றியதாகக் கூறுவர். ஆயினும் மாண்டோரின் குடும்பங்களுக்கு முன்னரே கடிதங்கள் சென்றிருந்தன. அத்தனை இல்லங்கள் அறிந்த செய்தி கடற்படை நகரான போர்ட்ஸ்மத்தில் பரவுவதற்கு ஆவியின் துணை தேவையில்லை.

1944ஆம் ஆண்டில் அதே நகரில் கைதான டங்கன், 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தின்கீழ் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் சூனியக்காரி எனத் தண்டிக்கப்பட்டதாக இன்றும் பலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. அச்சட்டம் தண்டித்தது சூனியத்தை அன்று. சூனிய ஆற்றல் உண்டெனப் பாசாங்கு செய்வதையே. 1951ஆம் ஆண்டில் போலி மீடியம் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. டங்கனின் 'எக்டோபிளாசம்' துணித்துண்டு ஒன்று இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. கரைந்துவிடும் எனப்பட்டது கரையவில்லை.

மொழி வகுப்பிற்கு ஒரு பாடம்

பெயர் இருப்பதாலேயே பொருள் இருப்பதாகாது. 'வாயிலிருந்து வெண்பொருள் வந்தது' என்றால் கேட்போர் 'என்ன பொருள்?' என வினவுவர். 'எக்டோபிளாசம் வந்தது' என்றால் அவ்வினா எழுவதில்லை. கிரேக்க ஒலியே விடையாகி விடுகிறது. நோபெல் அறிஞர் இட்ட பெயர் என்பதால் அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இதற்குத் தமிழில் நல்ல கருவி உண்டு. 'எனப்படும்', 'என்று கூறப்பட்ட', 'என நம்பப்பட்ட' ஆகிய தொடர்கள் கூற்றையும் உண்மையையும் வேறுபடுத்துகின்றன. 'மீடியத்தின் வாயிலிருந்து எக்டோபிளாசம் வெளிவந்தது' என்பதற்கும், 'எக்டோபிளாசம் எனக் கூறப்பட்ட துணி வெளிவந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர்வார்களாயின், செய்தியையும் விளம்பரத்தையும் படிக்கும் திறன் அவர்களிடம் வளரும். அறிவியல் ஒலியுடைய புதிய பெயரோடு ஒரு மருந்தோ கருவியோ சந்தைக்கு வரும்போது, அப்பெயர் சுட்டும் பொருளை யார் கண்டார், எவ்வொளியில் கண்டார், மற்றவர் சோதிக்க இடமுண்டா என்னும் மூன்று வினாக்களை எழுப்ப அவர்களைப் பழக்குவோம்.