ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் சோம்பேறி?
ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சேலை ஏற்றிப் போகும் எங்க மாமாவின் பழைய அம்பாசிடருக்கு எஞ்சினை இறக்கி, போர் செய்து, புது ரிங் போட்டார்கள். கிளம்பியதும் ஒரே மிஸ்ஸிங்! "மறுபடியும் இறக்கணுமா? வாங்கின கடனே தீரலயே" என்றார் மாமா.

மெக்கானிக் அண்ணன் நான்கு பிளக்கையும் கழற்றி, கேஜ் வைத்து, செல்ஃப் அடித்தார். மூன்று சிலிண்டரில் 130 பி.எஸ்.ஐ., இரண்டாவதில் மட்டும் 80. அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங்கில் கசிவு என்றால் ஆயில் அதை அடைக்கும், அளவு ஏறும். ஏறவில்லை! அப்போ வால்வுதான் என்றார். (பக்கத்து சிலிண்டரும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கணுமாம்.)

மேல்மூடியைத் திறந்தால் டேப்பெட் ரொம்ப டைட். அதனால் வால்வு முழுசா மூடவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகியிருக்கும். இடைவெளியைச் சரிசெய்ததும் 128! எஞ்சினை இறக்கவே இல்லை. மாமா எல்லாருக்கும் டீ சொன்னார்.