போப்பாண்டவருக்கே ஓவர்டைம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு ஷூ மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸுக்காக வாசலில் நின்றேன். ''இன்னிக்கு லீவு இல்லையா?'' என்றாள் மனைவி. அசடு வழிந்தபடி உள்ளே வந்து, அலமாரியில் ரொம்ப நாளாகக் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்தேன். மாட்டிக்கொண்டேன்.

எழுதியவர் புனித பெர்னார்டு. பிரான்சில் கிளேர்வோ மடத்தை 1115-ல் ஆரம்பித்து, 1153-ல் இறக்கும்வரை அதற்குத் தலைவராக இருந்த துறவி. அவருடைய சிஷ்யர் ஒருவர் 1145-ல் மூன்றாம் யூஜீனியஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆகிவிட்டார். குரு என்ன செய்யணும்? வாழ்த்தணும். இவரோ அனுதாபப்பட்டு ஐந்து பாகத்துக்குப் புத்தகமே எழுதிவிட்டார்!

காரணம், போப்புக்கு விடிந்தால் அடைந்தால் வழக்கு, வக்கீல், பஞ்சாயத்து. உடம்பு கெடுமே என்று பெர்னார்டு பயப்படவில்லை. முதலில் தாங்கமுடியாது, பிறகு பழகும், அப்புறம் வலியே தெரியாது, கடைசியில் பிடித்தும் போய்விடும் என்று படிப்படியாகச் சொல்கிறார். அந்தக் கடைசிப் படிக்கு அவர் வைக்கும் பெயர் கல்நெஞ்சு. அதைக் கேட்டு நடுங்காதவனுக்கு அது ஏற்கெனவே வந்தாச்சாம். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

வேலையை விடச் சொல்லவில்லை மனுஷர். ஊருக்கெல்லாம் உன்னைப் பங்கு போடுகிறாயே, அதில் ஒரு பங்கை நீயும் எடுத்துக்கொள் என்கிறார். அவ்வளவுதான்.

உன்னதப்பாட்டுக்கும் அவர் விளக்கவுரை சொன்னார். 1135-ல் தொடங்கி, பதினெட்டு வருஷத்தில் 86 உரை. முடித்தது இரண்டே அதிகாரம்! (எங்கள் ஆபீஸ் ஃபைல் தேவலை.) அதில் ஓரிடத்தில், வாய்க்காலாக இருக்காதே, ஏரியாக இரு என்கிறார். வாய்க்கால் வந்த தண்ணீரை அப்படியே விட்டுவிடும். ஏரி நிறைந்த பிறகுதான் வழியும்.

வேடிக்கை என்னவென்றால், அவரே வாய்க்காலாகத்தான் ஓடியிருக்கிறார். ராஜாக்களுக்குப் பஞ்சாயத்து, ஊர் ஊராகப் பயணம். 1146-ல் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டினார். அது படுதோல்வி; போப்புக்கு எழுதிய அதே புத்தகத்தில் அதற்கும் சமாதானம் சொல்லவேண்டி வந்தது. துறவியாகவும் இல்லாமல் சம்சாரியாகவும் இல்லாமல், நம்ம ஊர் யாளி மாதிரி ஒரு கலப்பு மிருகம் நான் என்று ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். எனக்கு அந்தப் புலம்பலுக்கப்புறம்தான் அவர்மேல் நம்பிக்கையே வந்தது.

நேற்று சரியாக ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இறங்கினேன்.

''என்ன சார், உடம்பு சரியில்லையா?'' என்றார் செக்யூரிட்டி.