தகரக் கூரைக்குக் கீழே பத்தாயிரம் ரிங்கிட் மைக்கா?

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யும் கேமரன் மலை இளையோருக்கு ஒரு கட்டத்தில் வரும் ஆசை இது: ஸ்டூடியோவில் இருப்பது போல ஒரு மைக் வாங்க வேண்டும். தேடினால் முதலில் கண்ணில் படுவது ஜெர்மனியின் நியூமன் யு87. 1967-இல் வந்தது, இன்றும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறது. விலை 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால், தோட்டத்துக் குடும்பத்தில் ஒருவருடைய ஏறக்குறைய அரை ஆண்டு உழைப்பு.

யு87 'கண்டென்சர்' வகை. உள்ளே இருக்கும் மிக மெல்லிய சவ்வு, பாடகர் மூச்சு இழுப்பதைக்கூடப் பிடித்துவிடும். இயங்க 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஆனால் அது குரலை மட்டும் கேட்பதில்லை. தகரத்தில் விழும் மழை, நாய்க் குரைப்பு, லயத்தின் பொதுச்சுவருக்கு அப்பால் ஓடும் சீரியல் எல்லாமே பதிவாகும். மலையின் ஈரம் இன்னொரு தலைவலி. சவ்வில் ஈரம் படிந்தால் படபடவென்று இரைச்சல் வரும். அக்டோபர், நவம்பரில் துவைத்த துணியே காயாத ஊர் நம்முடையது! கண்டென்சர் வைத்திருப்பவர்கள் பாடி முடித்ததும் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

கோயில் திருவிழா மேடையில் கையில் பிடித்துப் பாடும் மைக் பெரும்பாலும் 'டைனமிக்' வகை. ஈரத்தையும் முரட்டுக் கையையும் தாங்கும். வாயருகே வைத்துப் பாடினால் தூரத்துச் சத்தம் அவ்வளவாக ஏறாது. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். 1982-இல் வெளிவந்த 'த்ரில்லர்' தொகுப்பில் மைக்கல் ஜாக்சன் பாடியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில்தான். அதன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி, யு87 விலையில் ஒரு சிறு பங்கே. ஒரு சிக்கல் உண்டு: அதன் ஒலி மிக மெலிதாக வரும். கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் சுமார் 60 டெசிபல் வரை பெருக்கித் தர வேண்டும். மலிவான பெட்டிகள் இங்கே திணறும்.

என்னைக் கேட்டால், முதல் செலவு மைக்குக்கே வேண்டாம். பில்லி ஐலிஷின் 2019 தொகுப்பு, அண்ணனின் படுக்கையறையில் பதிவாகி கிராமி விருதை வென்றது. நம் வீடுகளில் கனத்த கம்பளிக்குப் பஞ்சமில்லை. பாடுபவரின் முதுகுக்குப் பின்னும் பக்கங்களிலும் இரண்டைத் தொங்கவிட்டாலே எதிரொலி குறையும். 'கார்டியாய்டு' வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம்; அந்தப் பக்கத்தைச் சன்னலுக்குத் திருப்பி வையுங்கள்.

கடைக்குப் போகும் முன், இருக்கிற மைக்கை வைத்து, பாடாமல் ஒரு நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். அதில் மழையும் சீரியலும் கேட்டால், யு87-இலும் அவை கேட்கும், இன்னும் துல்லியமாக.