தவழ்ந்து எழுந்த புரொபஸர்

மெக்ஸிகோ தேசத்தில் ஒரு வீடு. வீட்டைச் சேர்ந்தாற்போல் ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்தில் ஒரு கிழவர், கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, கைக்குழந்தையைப் போல் தவழ்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்திலேயே அவருடைய மகன் நிற்கிறார். தகப்பனாரைக் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியவர், தூக்கிவிடாமல், மேலும் தவழும்படி உற்சாகப்படுத்திக்கொண்டிருக்கிறார்!

அண்டை அயலார் பார்த்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். ஒரு புரொபஸரை நாயைப் போல் தரையில் ஊரவிடுவது தகுமா என்று குறை கூறினார்கள்.

அந்தத் தெருவில் நீங்களும் நானும் குடியிருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அதையேதான் சொல்லியிருப்போம். ஒருவேளை இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தே சொல்லியிருப்போம்! ஆனால் அந்தத் தோட்டத்தில் நடந்த காரியம், பிற்காலத்தில் மூளையைப் பற்றி வைத்திய சாஸ்திரம் கொண்டிருந்த ஒரு பெரிய நம்பிக்கையையே ஆட்டி வைத்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வைத்தியம் முடிந்தது, வாழ்க்கை?

தவழ்ந்த பெரியவரின் பெயர் பெத்ரோ பாக்-இ-ரீட்டா. ஸ்பெயின் நாட்டுக் கத்தலான் இனத்தைச் சேர்ந்தவர், கவிஞர், நியூயார்க் ஸிட்டி கல்லூரியில் ஆசிரியர். மனைவியை இழந்தவர். 1959-ஆம் வருஷம், அவருடைய 65-ஆவது வயதில், திடீரென்று பக்கவாதம் தாக்கியது. முகமும் உடம்பில் ஒரு பாதியும் ஸ்வாதீனமற்றுப் போயின. பேச்சும் நின்றுவிட்டது. கவிஞருக்குப் பேச்சுப் போவதென்றால் அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்க முடியும்?

அவருடைய மகன் ஜார்ஜ் அப்போது மெக்ஸிகோவில் வைத்திய மாணவர். தகப்பனார் தேறுவார் என்ற நம்பிக்கை வேண்டாம், ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிடுவதுதான் வழி என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஜார்ஜுக்கு மனம் கேட்கவில்லை. தகப்பனாரை மெக்ஸிகோவுக்கே அழைத்து வந்துவிட்டார்.

அங்கே ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வழக்கம். அதற்கு மேல் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான்கு வாரத்துக்குப் பிறகும் பெரியவரைக் குளிப்பாட்டுவதற்கும் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வதற்கும் மகனும் தோட்டக்காரரும் சேர்ந்து பாடுபட வேண்டியிருந்தது.

மகன் கண்டுபிடித்த பாடம்

ஜார்ஜுக்கு அப்போது இந்தப் பயிற்சி முறைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமலிருந்ததே நல்லதாய்ப் போயிற்று! இன்னது முடியாது என்று படித்திருந்தால் அல்லவா முடியாதென்று விட்டுவிடத் தோன்றும்?

அவர் ஒரு சின்ன யோசனை செய்தார். மனிதன் முதன் முதலில் நடக்கக் கற்றது எப்படி? குழந்தையாயிருந்தபோது தவழ்ந்து, பிறகு எழுந்து, பிறகுதானே நடந்தான்? அப்படியானால் மறுபடியும் அங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று தீர்மானித்தார். முழங்காலுக்கு மெத்தைப் பட்டை கட்டினார். பலவீனமான பக்கத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும்படி, சுவரோரமாகவே தவழவிட்டார். மாதக்கணக்கில் இது நடந்தது. தரையில் கோலிக் குண்டுகளை உருட்டிவிட்டு, தகப்பனாரும் மகனும் அவற்றைப் பிடிக்கும் விளையாட்டு ஆடினார்கள். சுவரோரத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் அண்டை வீட்டார் முகம் சுளித்தது.

தவழ்ந்தவர் முழங்காலில் நின்றார். முழங்காலில் நின்றவர் காலில் நின்றார். காலில் நின்றவர் நடந்தார். மூன்று மாதம் போல் ஆனதும் பேச்சும் திரும்புவதற்கான அறிகுறி தெரிந்தது.

அடுத்த பாடம் என்ன தெரியுமா, சகோதரிகளே? பாத்திரம் தேய்ப்பது! நல்ல கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பலவீனமான கையால் கால் மணி நேரம் வலமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் இடமாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். பாத்திரத்தின் வளைவே கைக்கு வழி காட்டியது. பிறகு டைப்ரைட்டர். முதலில் விரலை ஓர் எழுத்துக்கு மேலே நிறுத்தி, கை முழுவதையும் பொத்தென்று விழவிட்டார். பிறகு மணிக்கட்டை மட்டும் அசைக்கப் பழகினார். கடைசியில் விரல்களே தனித் தனியாக வேலை செய்தன.

ஏறக்குறைய ஓராண்டு இந்தச் சாதகம் நடந்தது. அதற்குப் பிறகு பெத்ரோ நியூயார்க் திரும்பினார். விடுதிக்கல்ல, கல்லூரிக்கு! மறுபடியும் பாடம் நடத்தினார். மறுமணமும் செய்துகொண்டார். பக்கவாதம் வந்து ஏழாண்டு காலம் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், தென் அமெரிக்காவில் போகோட்டா நகரத்துக்கு நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, சுமார் 9,000 அடி உயரத்தில் மலை ஏறிக்கொண்டிருக்கையில் மாரடைப்பால் காலமானார்.

கண்ணாடிச் சில்லில் கண்ட ஆச்சரியம்

இதுவரை கேட்டதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "அவருக்கு வந்தது லேசான வாதமாக இருக்கும்; அதனால்தான் தேறிவிட்டார்" என்று நினைப்பீர்கள். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்திருக்கக்கூடும். ஆனால் பெத்ரோவின் இன்னொரு மகன் பால் பாக்-இ-ரீட்டா ஒரு வைத்திய விஞ்ஞானி. அவர் தகப்பனாரின் மூளையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். டாக்டர் மேரி ஜேன் அகிலார் என்ற பெண்மணி பரிசோதனையைச் செய்தார்.

கண்ணாடிச் சில்லில் வைத்த மெல்லிய துண்டுகளைப் பார்க்க மகனைக் கூப்பிட்டார்கள். பெற்ற தகப்பனாரின் மூளையை அப்படிப் பார்ப்பதற்கு எவ்வளவு திடம் வேண்டும்! பால் பார்த்தார். திடுக்கிட்டுப் போனார்.

மூளையின் மேற்பகுதியிலிருந்து முதுகுத் தண்டுக்கு இறங்கும் நரம்புகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்திருந்தன. ஏழு வருஷத்தில் அந்தக் காயம் ஆறவே இல்லை! அவ்வளவு பெரிய சேதத்தை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் பாடம் நடத்தியிருக்கிறார், மலை ஏறியிருக்கிறார்.

அப்படியானால் அவரைத் தேற்றியது எது? பிற்காலத்தில் பால் இதை ஒரு சாலையை உவமை காட்டி விளக்குவதுண்டு. ஊருக்குப் போகும் பெரிய சாலையில் பாலம் இடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திகைத்து நின்றுவிடுவோம். பிறகு வயல்களின் ஊடே போகும் பழைய சின்னச் சாலைகளைத் தேடிப் போவோம். போகப் போகக் குறுக்கு வழிகள் தெரியவரும். பாதையும் தேய்ந்து நல்ல பாதையாகும். மூளையிலும், உபயோகமில்லாமல் கிடந்த நரம்புப் பாதைகள் இப்படித்தான் பழக்கத்தினால் திறந்துகொள்கின்றன என்றார் அவர். ஒவ்வொரு நாளும் பாத்திரம் தேய்த்த பெரியவர், தமக்குத் தெரியாமலே தமது மூளைக்குள் பாதை போட்டுக்கொண்டிருந்தார்!

முதுகால் பார்த்தவர்கள்

வளர்ந்த மனிதனின் மூளை மாறாது, ஒரு பகுதிக்கு ஒரு வேலைதான் என்பது அந்நாளைய கொள்கை. பால் அதை எதிர்த்துத் தம்முடைய ஆராய்ச்சியை நடத்தினார். 1969-இல் 'நேச்சர்' என்ற பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அவரும் தோழர்களும் ஒரு விசித்திரமான நாற்காலியைப் பற்றி எழுதினார்கள். பல் வைத்தியர் வைத்திருப்பாரே, அப்படிப்பட்ட நாற்காலி. அதன் முதுகுப் பக்கத்தில் 400 சிறு கருவிகள். எதிரே ஒரு டெலிவிஷன் காமிரா. காமிரா காணும் உருவத்துக்கு ஏற்றபடி அந்தக் கருவிகள் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் அதிரும்.

பிறவிக் குருடர்கள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். நாளடைவில் டெலிபோன், கோப்பை முதலிய பொருள்களை அடையாளம் சொன்னார்கள். ஒரு சமயம் காமிராவில் உருவம் சட்டென்று பெரிதானபோது, ஏதோ ஒன்று தம்மேல் பாய்ந்து வருவதாக எண்ணி ஒருவர் பின்னுக்குச் சாய்ந்தார். அதிர்ந்ததோ முதுகு, அவர் அஞ்சியதோ எதிரே! தோலின் வழியாக வந்த செய்தியை மூளை காட்சியாக எடுத்துக்கொண்டுவிட்டது.

பிற்பாடு விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் முதுகை விட்டு நாக்குக்கு வந்தார்கள். நாக்கின்மேல் வைக்கும் சிறிய தகடு ஒன்று காட்சியை மெல்லிய மின்சாரத் துடிப்பாக மாற்றிக் கொடுத்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவிக்கு 2015-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அதைப் பார்க்கப் பால் உயிருடன் இல்லை; 2006-இல் காலமாகிவிட்டார்.

நடுவில் அவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தகப்பனாரின் மூளையைப் பார்த்த பிறகு, கருவி செய்தால் மட்டும் போதாது, நோயாளிகளை நடமாட வைக்கும் வைத்தியமும் கற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 44-ஆவது வயதில், விஞ்ஞானி என்ற பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு, மறுபடியும் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். தகப்பனார் தவழ்ந்தார், மகனும் ஒருவகையில் அடியிலிருந்து ஆரம்பித்தார்.

நல்ல கைக்கு உறை

இது ஒரு வீட்டில் நடந்த அதிசயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாப் என்ற ஆராய்ச்சியாளர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். வாதம் வந்த கையை முதலில் அசைக்க முடிவதில்லை. அதனால் நோயாளி எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்யப் பழகிவிடுகிறார். பிறகு அசைக்கக்கூடிய சக்தி வந்தாலும் அந்தக் கை வேலை செய்வதை மறந்துவிடுகிறது என்று அவர் கண்டார். அதற்கு அவர் சொன்ன மருந்து: நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கைக்கு வேலை கொடு!

இந்த முறையை அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்தார்கள். எல்லாரும் வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். கையில் கொஞ்சமாவது அசைவு உள்ளவர்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம், நாளைக்கு ஆறு மணி நேரம் வரையில் பயிற்சி. 2006-இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களின் கை, ஓராண்டுக்குப் பிறகும் மேலாக வேலை செய்தது.

நம் வீட்டுக்கு வருவோம்

பக்கவாதம் வந்த மாமனாரையோ தாயாரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் உங்களைப் போன்ற பெண்கள் தலையில்தான் விழுகிறது. பாசத்தினால் நாமே ஊட்டிவிடுகிறோம். நாமே பொத்தான் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் சீக்கிரம் வேலை முடியட்டும் என்ற அவசரமும் அதில் கலந்திருக்கிறது. அந்தக் கைக்குச் செய்யக்கூடிய வேலையை நாம் பறித்துக்கொண்டால், அதற்குப் பழக்கம் எங்கிருந்து வரும்? பட்டாணி உரிக்கட்டும், துணி மடிக்கட்டும், டம்ளர் துடைக்கட்டும். நேரமாகும், சிந்தும், சிதறும். சிதறட்டுமே!

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே யாரையும் தவழவிடாதீர்கள்! வாதத்திலே பல வகை உண்டு. எல்லாரும் பெத்ரோவைப் போல் தேறிவிடுவார்கள் என்பதும் இல்லை. 2,104 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடமாட வைத்தால் நன்மை குறைகிறது என்று காட்டியது. எப்போது, எவ்வளவு என்பதை டாக்டரும் பயிற்சியாளரும்தான் சொல்ல வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு வருவதுதான் நீண்ட நாள் வேலை. மாதக்கணக்கில் பலன் தெரியாமல் சலிப்புத் தட்டும். பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்தச் சமயத்தில், மெக்ஸிகோ தோட்டத்தில் கோலிக் குண்டை உருட்டிவிட்டுத் தகப்பனாரோடு தானும் தரையில் தவழ்ந்த அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு டம்ளரை எடுத்துக் கொடுத்து, துடைக்கச் சொல்லுங்கள்.