பியானோ வாத்தியாரைக் காப்பாற்றிய மைசூர் மகாராஜா

பெங்களூர், டவுன்ஹாலை ஒட்டிய ஜே.சி. ரோடை அறியாத தமிழர் இங்கு இல்லை. மோட்டார் உதிரி பாகம் வாங்க நம்மவர்கள் நாள்தோறும் போய் வரும் இடம். ஆனால் "ஜே.சி." யார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

மைசூரின் கடைசி மகாராஜாவான ஜெயசாமராஜேந்திர உடையார்தான் அவர். 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவரும் இவரே.

அந்த மகாராஜா மனதில் ஒரு பியானோ வித்வான் குடியிருந்தார் என்பது பலர் அறியாத செய்தி.

நிறைவேறாத ஆசை

1919-ல் பிறந்த உடையாருக்கு இளமையிலேயே மேல்நாட்டு சங்கீதத்தில் தீராத மோகம். மேடை ஏறிக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

1940-ல் அவருடைய தந்தை காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், மன்னராக இருந்த பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் மறைந்தார். 21 வயதுப் பிள்ளையின் தலையில் கிரீடம் ஏறியது. கச்சேரி ஆசை அத்துடன் முடிந்தது.

ஆனாலும் படிப்பை அவர் விடவில்லை. 1945-ல் லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் பட்டயம் பெற்றார்.

லண்டனில் ஒரு வாத்தியார்

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு முதியவர் கஷ்ட ஜீவனம் நடத்திக் கொண்டிருந்தார். அவர் பெயர் நிக்கொலாய் மெட்னர்.

1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். பெரிய பியானோ மேதை. மாஸ்கோ இசைக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். புரட்சிக்குப் பின் 1921-ல் தாய்நாட்டை விட்டு வெளியேறி, ஊர் ஊராகச் சென்று கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தார். அங்கே மாணவர்களுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஜெர்மனியில் உள்ள பதிப்பகத்தாரிடமிருந்து வந்த வருமானமும் நின்றது. எட்னா ஐல்ஸ் என்ற மாணவியின் குடும்பம்தான் வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் தங்க இடம் கொடுத்தது. 1942-ல் மெட்னரை மாரடைப்பும் தாக்கியது.

மைசூரிலிருந்து வந்த உதவி

இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் மகாராஜா. மெட்னரின் இசை அவர் மனதைக் கவர்ந்தது. ஆனால் தட்டுகளில் வந்திருந்ததோ வெகு சொற்பம். பாடுபட்ட ஒருவரின் இசை அவரோடு மண்ணுக்குப் போவதா?

பணம் தருகிறேன், பதிவு செய்யுங்கள் என்றார் மகாராஜா. "மெட்னர் சங்கம்" என்ற பெயரில், எச்.எம்.வி. கம்பெனி மூலம் 1947-ல் பதிவு தொடங்கியது. 67 வயதில், இருதய நோயோடு, மெட்னரே பியானோ முன் அமர்ந்தார். பெரிய வாத்தியக் கோஷ்டியுடன் சேர்ந்து வாசிக்கும் தமது மூன்று கன்செர்ட்டோக்களையும் பதிவு செய்து முடித்தார். அவற்றில் மூன்றாவதை மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

1951 நவம்பரில் மெட்னர் கண் மூடினார். தட்டுகள் மிஞ்சின. அந்த மேதை தம் இசையை எப்படி வாசித்தார் என்று அறிய விரும்பும் பியானோ மாணவர்கள், இன்றும் அந்தப் பதிவுகளைத்தான் தேடிக் கேட்கிறார்கள்.

கர்நாடக சங்கீதத்திலும் மகாராஜா சளைத்தவர் அல்ல. வீணை பயின்றார். "ஸ்ரீவித்யா" என்ற முத்திரையுடன் 94 கிருதிகள் இயற்றினார். 1974 செப்டம்பரில் பெங்களூர் அரண்மனையில் காலமானார்.

மேடையில் தாம் வாசிக்க முடியாமற்போன பியானோவை, வேறொருவர் கையால் உலகம் கேட்கச் செய்தவர் அவர். அடுத்த முறை ஜே.சி. ரோடில் பஸ் நெரிசலில் சிக்கி நிற்கும்போது, அந்தப் பெயருக்கு உரியவரைச் சற்றே நினைத்துக் கொள்ளலாம்.